கையெழுத்துப் போடும் முன் யாரைக் கேட்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்: பள்ளித் தடுப்பூசி

பள்ளியில் தடுப்பூசி போடுவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி நர்ஸ்களும் எழுதிய கடிதங்களுக்கு எங்கள் மருத்துவக் குழு இங்கே பதில் தருகிறது. மருந்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட மனிதர்களைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அது சரியான கேள்விதான்.

எங்கள் பள்ளியில் 420 பிள்ளைகள். எல்லோருக்கும் சம்மதப் படிவம் கொடுத்து அனுப்பினோம். 290 திரும்பி வந்தது. அதில் 'வேண்டாம்' என்று எழுதியவர்கள் 12 பேர்தான். மீதி 130 பேரும் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? – ஒரு தலைமையாசிரியை

கூடாது. பள்ளித் தடுப்பூசியில் நேரடியாக மறுப்பவர்களால் வரும் இழப்பைவிடத் திரும்பி வராத படிவங்களால் வரும் இழப்பு பெரும்பாலும் அதிகம். அந்த 130-க்குள் மூன்று கூட்டம் இருக்கும். படிவம் கைக்கே போய்ச் சேராதவர்கள் ஒன்று; அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். படித்துவிட்டு, 'இன்னும் யாரையாவது கேட்கலாம்' என்று எடுத்து வைத்தவர்கள் இரண்டு. மனதுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, பள்ளியோடு மனத்தாங்கல் வேண்டாமே என்று எழுதாமல் இருப்பவர்கள் மூன்று. இந்த மூன்று பேரிடமும் ஒரே சுற்றறிக்கையால் பேச முடியாது.

முதலில் வகுப்புவாரியாகப் பட்டியல் போடுங்கள். வராத படிவங்கள் எல்லா வகுப்பிலும் நாலைந்தாகச் சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் மறதி. புதுப் படிவம் கொடுத்தாலே பாதிக்குமேல் வந்துவிடும். ஒரே வகுப்பில், அல்லது ஒரே வேனில் வரும் பிள்ளைகளிடம் குவிந்து கிடந்தால், அங்கே ஏதோ பேச்சு ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே புதுப் படிவம் அனுப்பிப் பயனில்லை, ஆள் போக வேண்டும்.

இந்தக் குவியலை நாங்கள் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். அதனால்தான் சுமார் 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறோம். 420 பேரில் 5 சதவீதம் என்றால் 21 பிள்ளைகள். அந்த 21 பேர் பள்ளி முழுக்கப் பரவி இருந்தால் மற்றவர்கள் அவர்களுக்கு வேலியாக இருப்பார்கள். 21 பேரும் 35 பேர் உட்காரும் ஒரே வகுப்பில் இருந்தால் அந்த அறைக்கு வேலியே இல்லை. பள்ளியின் மொத்தக் கணக்கு மட்டும் 95 என்று காட்டிக்கொண்டிருக்கும். உறவும் நட்பும் ஒரே கருத்தை ஒரே இடத்தில் சேர்த்துவிடுவதால், நடப்பில் இந்த இரண்டாவது நிலைதான் அடிக்கடி வருகிறது.

படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் போதும். எந்த நோய்க்கான ஊசி, எந்தத் தேதி, யார் போடுகிறார்கள், அன்று மாலை என்ன தொந்தரவு வரலாம், சந்தேகம் கேட்க எந்த எண், இவ்வளவுதான் வேண்டும். 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்ற இரண்டு கட்டங்களோடு மூன்றாவதாக 'பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் தொலைபேசி எண் எழுத இடம் விடுங்கள். எழுதாமல் ஒளிந்துகொண்டிருந்த இரண்டாவது கூட்டம் அந்தக் கட்டத்தில் வெளிப்படும். திருப்பித் தர ஒரு வாரம் போதும். மூன்று வாரம் கொடுத்தால் தொலைந்துபோகும். மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல். வாரம் முடிந்தும் வராதவர்களுக்கு வகுப்பாசிரியரே போன் செய்ய வேண்டும், அலுவலகத்தில் இருந்து வேண்டாம். பிள்ளையின் பெயரும் குணமும் தெரிந்தவர் பேசும்போது அந்தப் பேச்சே வேறு.

ஒரு டாக்டரை அழைத்து வந்து பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசவைத்தோம். படங்கள் காட்டி அருமையாகப் பேசினார். ஆனால் கூட்டத்துக்கு வரும்போது தயங்கியவர்கள் போகும்போதும் தயக்கத்தோடுதான் போனார்கள். எங்கே தவறினோம்? – பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்

டாக்டர் தவறவில்லை, இடம்தான் தவறு. நூறு பேர் முன்னால் எழுந்து தன் பயத்தைச் சொன்ன ஒரு தாய், அதே நூறு பேர் முன்னால் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். கூட்டத்தில் கேட்ட கேள்வி அவருடைய கட்சியாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி பெற்றோரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, தடுப்பூசி அட்டவணையைப் பின்பற்றியவர்களையும் பின்பற்றாதவர்களையும் ஒப்பிட்டது. ஒரு பெற்றோர் என்ன முடிவெடுப்பார் என்பதை மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டியது, அவர் ஆலோசனை கேட்கும் மனிதர்களில் எத்தனை பேர் 'அட்டவணைப்படி வேண்டாம்' என்றார்கள் என்பதே. அவர் என்ன படித்தார் என்பது அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே அந்த மனிதர்கள் யார் என்று கண்டுபிடியுங்கள். வெவ்வேறு வகுப்புகளில் இருந்து 15, 20 பெற்றோரிடம் தனித்தனியாக ஒரே கேள்வி கேளுங்கள்: "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், டாக்டரிடம் போகும் முன் யாரிடம் கேட்பீர்கள்?" மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேடையில் உட்காருகிறவர்களாக இருப்பது அபூர்வம். மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், மருந்துக்கடையில் நிற்பவர், வேன் ஓட்டுநர் என்று இருக்கும்.

அந்த ஐந்தாறு பேரைத் தனியே உட்காரவைத்து, நர்ஸையோ டாக்டரையோ ஒரு மணி நேரம் கேள்வி கேட்கவிடுங்கள். சொற்பொழிவு வேண்டாம், கேள்விக்குப் பதில் மட்டும். அவர்களைப் பிரசாரம் செய்யச் சொல்லாதீர்கள். பரிசோ சலுகையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது தெரிந்த அன்றே அவர்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். "என் பிள்ளைக்குப் போடுகிறேன்" என்று கேட்டவரிடம் சொன்னாலே போதும். அவர்களில் ஒருவர் சமாதானமாகவில்லை என்றால் வற்புறுத்தாமல் விடுங்கள். வற்புறுத்தினால், "என்னை மடக்கப் பார்த்தார்கள்" என்பதுதான் வெளியே போகும்.

நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003-இல் போலியோ சொட்டு மருந்து ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தப்பட்டது. மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்று பேச்சு. எத்தனையோ நிபுணர்கள் மறுத்தும் நகராத விஷயம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வாங்க ஏற்பாடானபோது 2004-இல் நகர்ந்தது. அதற்குள் அந்தப் பகுதியின் போலியோ கிருமி பல நாடுகளுக்குப் போய்விட்டது. மருந்து அதே மருந்துதான், அதை நீட்டும் கை மாறியது.

நெருங்கிய உறவு எப்போதும் நன்மைதான் செய்யும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய சோமாலியக் குடும்பங்களில் 2004-இல் 92 சதவீதக் குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) போடப்பட்டிருந்தது, 2014-இல் அது 42 ஆனது. தங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசம் இருக்கிறதே என்று கவலைப்பட்ட தாய்மார்கள் காரணம் கேட்டார்கள். அவர்கள் தேடிய பதில் கிடைக்கவில்லை. தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தாங்கலாக இருந்த அதே பந்தம் பயத்தையும் வீடு வீடாகக் கொண்டுபோனது. 2017-இல் அங்கே தட்டம்மை பரவியது.

"இந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது" என்று ஒரு குரல் பதிவு எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அதையே எடுத்துப் போட்டு 'இது பொய், நம்பாதீர்கள்' என்று எழுதினேன். இன்னும் வேகமாகப் பரவுகிறது. – எட்டாம் வகுப்பு ஆசிரியை

கேட்காதவர்களையும் கேட்கவைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பதிவை நீங்களே பகிர்ந்தால், "டீச்சரே அனுப்பினாங்க" என்ற முத்திரையோடு அது அடுத்த குழுவுக்குப் போகும். 'நம்பாதீர்கள்' என்பதிலும் ஒரு சிக்கல்: அந்தக் குரல் தெரிந்த ஒருவருடையதாக இருக்கலாம். அவரைப் பொய்யர் என்று சொன்னதாகவே படும்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். முதல் வரியில் உண்மையை வையுங்கள், வதந்தியை ஒரே ஒருமுறை தொடுங்கள், திரும்பவும் உண்மைக்கு வாருங்கள். மாதிரி ஒன்று:

"எச்.பி.வி. தடுப்பூசி கருப்பை வாய்ப் புற்றுநோயில் இருந்து காக்கிறது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் வெளி ஓட்டைப் போன்ற புரதம் மட்டுமே இருக்கிறது. குழந்தைப்பேறு பற்றி ஒரு பயம் பேசப்படுகிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்ததில் அப்படி எதுவும் தென்படவில்லை. இன்று மாலை 6 முதல் 8 வரை நம் பள்ளி நர்ஸ் போனில் இருப்பார். யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் தனியாகக் கேட்கலாம்."

கடைசி இரண்டு வரிகள்தான் உயிர். குழுவில் விவாதம் வளர்க்காமல் கேள்வியைத் தனிப்பேச்சுக்கு இழுக்கின்றன. வதந்தி வந்த அன்றே, முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போடுங்கள்; மறுநாள் போட்டால் அதற்குள் வீடுகளில் பேசி முடித்திருப்பார்கள். பதிவு அனுப்பியவரிடம் நீங்களே பேசுங்கள். "ஏன் அனுப்பினீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்களுக்கு இதில் எது பயமாக இருக்கிறது, அம்மா?" என்று ஆரம்பித்துவிட்டு, அவர் முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

அந்தத் தனிப்பேச்சில் சொல்ல ஒரு செய்தி உண்டு. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் வந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க நேரிடலாம். அப்படிச் செய்தவர்களுக்குப் பிற்காலக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடுகிறது. தாய்மையைக் காக்க வேண்டும் என்ற அந்த அம்மாவின் கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கு ஊசி துணைதான். புத்தகத்தில் இருப்பதைச் சொல்வதைவிட, அவர் எதை நினைத்துப் பயப்படுகிறாரோ அங்கிருந்தே தொடங்குவது கேட்கவைக்கும்.

தடுப்பூசிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஏதாவது கேட்டாலே "நீங்களும் அந்தக் கூட்டமா?" என்று பார்க்கிறார்கள். நான் என்ன கேட்கலாம்? – ஒரு தாய்

தாராளமாகக் கேளுங்கள். அப்படிப் பார்ப்பவர்கள்தான் தங்கள் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊசியின் பெயர் என்ன, எத்தனை தவணை, முன்பு போட்டதோடு சேருமா, பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ள நோய் அல்லது மருந்தால் இடைஞ்சல் வருமா, போட்ட பிறகு எந்த அறிகுறிக்கு யாரை அழைக்க வேண்டும்: இவை கட்டாயம் கேட்க வேண்டியவை. முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகளை, எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த பிள்ளைகளுக்குப் போடமாட்டோம். லேசான சளி, குறைந்த காய்ச்சல் தடையில்லை.

ஆட்டிசம் பற்றிய கேள்வி உங்கள் மனதில் இருந்தால்: எம்.எம்.ஆர். ஊசியோடு அதைத் தொடர்புபடுத்திய பயம், 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையால் பரவியது. 2010-இல் அந்த மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை.

மருந்தில் எங்கள் மதத்துக்கு ஒவ்வாத பொருள் இருக்கிறதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். 'அதெல்லாம் இல்லை' என்று சொல்லிவிடலாமா? – உடற்கல்வி ஆசிரியர்

தெரியாமல் சொல்லாதீர்கள். சில தடுப்பூசிகளில் பன்றியில் இருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து அப்படிப்பட்டது. அங்கே அதை மறைப்பதில்லை. வேண்டாம் என்பவர்களுக்கு அந்த ஜெலட்டின் இல்லாத ஊசி மருந்து தருகிறார்கள். குறிப்பிட்ட மருந்தின் உள்ளிருப்புத் தாளை நர்ஸிடம் வாங்கி, அதை வைத்துப் பதில் சொல்லுங்கள். ஒரு முறை 'இல்லை' என்று சொல்லிப் பிறகு 'இருக்கிறது' என்று தெரிந்தால், அடுத்து எந்த ஊசிக்கும் உங்கள் பேச்சு எடுபடாது.

சென்ற முறை ஊசி போட்ட அரை மணி நேரத்தில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். அடுத்தடுத்து ஒன்பது பேர். மருத்துவமனையில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் இந்த ஆண்டு அந்த வகுப்பில் பாதிப்பேர் படிவமே தரவில்லை. – பள்ளி நர்ஸ்

அந்த ஒன்பது பேரும் நடிக்கவில்லை. இதை முதலில் ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். பயம், வலி, பார்த்த காட்சி ஆகியவற்றால் உடல் உண்மையாகவே இப்படி நடந்துகொள்கிறது. தடுப்பூசிப் பதற்றத்தால் வரும் எதிர்வினை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கெனத் தனிக் கையேடே வெளியிட்டது. தோழிகள் கூட்டமாக இருக்கும் வயதில் இது ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றும்.

கொலம்பியாவின் கார்மென் தே பொலிவார் ஊரில் 2014-இல் நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கு மயக்கமும் மரத்துப்போதலும் வந்தன. மருத்துவமனைக் காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவின. ஊசி காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்த பிறகும் அந்த நாட்டில் எச்.பி.வி. ஊசி போட வருவோர் எண்ணிக்கை சரிந்து விழுந்தது. "மனப்பிரமை" என்று சொன்னதாகக் கேட்ட குடும்பங்கள் அவமானப்பட்டன. அந்த அவமானம்தான் நெடுநாள் நிற்கும்.

தடுப்பது பெரும்பாலும் அறையை அமைப்பதில் இருக்கிறது. தாழ்வாரத்தில் நாற்பது பேரை வரிசையாக நிற்கவைத்து, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஊசி குத்துவது தெரியும்படி வைப்பதுதான் வழக்கமான தவறு. காத்திருக்கும் இடம், ஊசி போடும் இடம், பிறகு உட்காரும் இடம் மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கட்டும். திரை போட்டாலும் போதும். உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி. பத்துப் பத்துப் பேராக அழையுங்கள், உட்காரவையுங்கள். வெறும் வயிற்றோடு யாரும் வரவேண்டாம்; தண்ணீர் குடித்திருக்கட்டும். மிகவும் பயப்படும் பிள்ளையைக் கடைசிவரை காக்கவைக்காமல், முன்கூட்டியே தனியாக, படுத்த நிலையில் போட்டுவிடுங்கள். பிறகு 15 நிமிடம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். விழுந்து தலையில் அடிபடுவதுதான் மயக்கத்தில் உண்மையான ஆபத்து.

மயங்கினால் உடனே பிரித்தறிய வேண்டும். சாதாரண மயக்கம் ஊசி போட்டதும் அல்லது சில நிமிடத்தில் வரும்: முகம் வெளுக்கும், வியர்த்துக் குளிரும், நாடி மெதுவாகும், படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். கடும் ஒவ்வாமை வேறு. தோலில் தடிப்பு, உதடு முக வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, வேகமான நாடி, படுக்கவைத்தும் தெளியாது. அது சுமார் பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும் என்றாலும், தயாராக இல்லாமல் ஊசியைத் தொடக்கூடாது. கடும் ஒவ்வாமைக்குப் போடும் மருந்து 1:1000 அட்ரினலின், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லி, தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். 30 கிலோ பிள்ளைக்கு 0.3 மில்லி, சிறுவர்களுக்கு ஒரு தடவைக்கு அதுவே உச்ச அளவு. தெளியாவிட்டால் 5 நிமிடம் கழித்து மீண்டும். கூடவே ஆம்புலன்ஸ். எடை வாரியாக அளவு எழுதிய அட்டை மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது.

ஒருவர் மயங்கினால் மற்றவர்கள் கண்ணில் படாத அறைக்குக் கொண்டுபோங்கள். பின்னாலேயே தோழிகள் கூட்டம் போக வேண்டாம். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள்: "ஊசி போட்ட பிறகு மயக்கம் வந்தது, படுக்கவைத்தோம், இப்போது பேசுகிறாள், வந்து பார்க்கலாம்." மறுநாள் இன்னொரு போன். உங்கள் பள்ளியில் சென்ற முறை இந்த இரண்டாவது போன் நடந்ததா? நடக்கவில்லை என்றால் இப்போதாவது அந்தப் பத்து வீட்டுக்கும் போய் வாருங்கள், படிவம் கேட்காமல். அவர்கள் அன்று என்ன பட்டார்கள் என்று கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். இந்த ஆண்டு அந்த வகுப்பு அவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

நிஜமாகவே தவறு நடந்துவிட்ட இடத்தில் என்ன செய்வது? – பொதுச் சுகாதார மாணவர்

என்ன தவறு என்று முழுவதும் சொல்ல வேண்டும். சமோவாவில் 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்த்தி மருந்தை நர்ஸ்கள் கலந்துவிட்டார்கள். தடுப்பூசி நல்லதுதான், கலந்தது தவறு. ஆனால் திட்டம் பல மாதம் நிறுத்தப்பட்டு, அந்த இடைவெளியில் பயம் வேரூன்றியது. 2019-இல் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள்.

ஒரு தடுப்பூசியால் போன நம்பிக்கை மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பிலிப்பைன்ஸில் 2016-இல் பள்ளிகளில் தொடங்கிய டெங்கு தடுப்பூசி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. முன்பு டெங்கு வராதவர்களுக்குப் பின்னர் கடுமையாக வரும் வாய்ப்புக் கூடலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. 'தடுப்பூசி முக்கியம்' என்று உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் 2015-இல் 93 சதவீதம், 2018-இல் 32.

இந்த நிலையில் 'நம்புங்கள்' என்று கேட்பதைவிடப் பார்க்கவிடுவது நல்லது. பெற்றோர் பிரதிநிதிகள் இருவர் மேசைப் பக்கத்தில் நிற்கட்டும். மருந்துக் குப்பி, அதே நிறுவனத்தின் கரைப்பான், இரண்டின் காலாவதித் தேதி, குளிர்பெட்டியின் வெப்பமானி 2 முதல் 8 டிகிரிக்குள் இருப்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி உறை பிரிவது எல்லாவற்றையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். கரைத்த தட்டம்மை மருந்தை 6 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டுவதையும் பார்க்கட்டும். மருந்து வீணாகிறதே என்று வருந்தாதீர்கள்.

மறுத்தவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? நூறு சதவீதம் போட்ட வகுப்புக்குப் பரிசு தரலாமா? – ஓர் ஆசிரியர்

இரண்டும் வேண்டாம். முடிவெடுத்தது பெற்றோர், கேலியைச் சுமப்பது பிள்ளை. பரிசு போனதற்கு அந்தப் பிள்ளைதான் காரணம் என்று வகுப்பே பார்க்கும். உடல்நிலை காரணமாகப் போட முடியாத பிள்ளையும் அதே பலகையில் ஏறிவிடும்.

மறுத்தவரிடம் ஒன்றை மட்டும் அப்போதே, மிரட்டலாக இல்லாமல், சொல்லிவிடுங்கள்: பள்ளியில் தட்டம்மை வந்தால், தொடர்பில் இருந்த, ஊசி போடாத பிள்ளை கடைசித் தொடர்பில் இருந்து 21 நாள் வீட்டில் இருக்கவேண்டி வரலாம். பல நாடுகளில் அதுதான் நடைமுறை. நோய் வந்த நாளில் முதல்முறையாகச் சொன்னால் அது தண்டனையாகப் படும். பிறகு, விட்டுப்போனவர்களுக்கான இரண்டாவது தேதியை இரண்டு மூன்று வாரம் தள்ளிக் குறித்து, எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக அனுப்புங்கள். மனம் மாறி வருகிறவரிடம் "அன்றைக்கு ஏன் வரவில்லை?" என்று மேசையில் யாரும் கேட்கக் கூடாது, பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டால் போதும்.